கையும் களவும்

ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். கீபோர்டைப் பார்க்காமல் சொல்லுங்கள்: ‘எம்’ என்ற ஆங்கில எழுத்துக்கு இடது பக்கத்தில் இருப்பது எந்த எழுத்து?

யோசித்தீர்கள் அல்லவா? சிலர் வலது கை விரலைக் காற்றில் லேசாக அசைத்துப் பார்த்திருப்பீர்கள். பதில் ‘என்’. தினமும் எத்தனையோ தடவை தட்டுகிற எழுத்துதான். ஆனாலும் கேட்டவுடன் மூளை கையை விரித்துவிடுகிறது. விரலைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2013ல் இதையே முறையாகச் செய்து பார்த்தார்கள். நிமிஷத்துக்கு சராசரியாக 72 வார்த்தை அடிக்கிற ஆட்களிடம் வெற்றுக் கீபோர்டுப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்தில் சராசரியாக 15தான் சரியான இடத்தில் விழுந்தது. வேலை தெரிகிறது, ஆனால் என்ன தெரியும் என்று தெரியவில்லை!

இதை நான் வெறும் வேடிக்கையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அம்பத்தூரில் என் தெருக்கார அண்ணன் ஒருவர் மூன்று வாரம் தூங்காமல் இருந்தாரே, அதுவரை.

அண்ணன் டிராஃப்ட்ஸ்மேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், டை, ஜிக், ஃபிக்ஸ்சர் செய்து தருகிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. எஸ்டேட் என்றால் இப்போது பலருக்குக் கண்ணாடி மாட்டிய சாஃப்ட்வேர் கட்டடங்களும் ராத்திரி ஷிஃப்ட் வேன்களும்தான் ஞாபகம் வரும். 1960களில் அரசாங்கம் அந்த எஸ்டேட்டை ஆரம்பித்தது லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும்தான். இன்றைக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் நடந்தால் கூலண்ட் ஆயில் வாசனையும் இரும்பு அறைகிற சத்தமும் உண்டு. அப்படி ஒரு சந்தில், மாடியில் ஒரு ஏ.சி. அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர். அதுதான் அண்ணனின் ராஜ்யம்.

ஐ.டி.ஐ. முடித்து 1986ல் வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் இருந்தது டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், மைப் பேனா. தப்பு வந்தால் டிரேசிங் பேப்பரை பிளேடால் சுரண்ட வேண்டும். 1990களின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி ஒரு மாதம் டைம் கொடுத்தார். அண்ணன் இருபது நாளில் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில்.

அவர் வேலை செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மிருதங்கக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார். இடது கை இரண்டு தட்டு, வலது கை ஒரு சொடுக்கு. இடது, வலது, இடது இடது, வலது. கண் திரையில். வாய் என்னோடு ரேஷன் கடை விஷயம் பேசிக்கொண்டிருக்கும். கை பாட்டுக்கு ஒரு பிரஸ் டூலை வரைந்துகொண்டிருக்கும். 

2021ல், கொரோனா ஊரடங்குகள் தளர்ந்து ஆர்டர்கள் திரும்ப வந்த சமயம், கம்பெனியில் அந்த டிராயிங் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வாங்கினார்கள். (பெயர் வேண்டாமே. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.) முதல் நாளே அண்ணனின் தாளம் தப்பியது.

என்ன ஆனது என்று கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மிச்சத்தை வெட்டுவது டிராயிங்கில் ஓயாமல் வருகிற வேலை. அதற்கு அண்ணனின் இடது கை இரண்டு எழுத்தைத் தட்டும், பிறகு ஸ்பேஸ், மறுபடி ஸ்பேஸ். முதல் ஸ்பேஸ், ‘வெட்ட ஆரம்பி’. அப்போது மெஷின், ‘எந்தக் கோட்டை எல்லையாக வைத்து வெட்டட்டும்?’ என்று கேட்கும். இரண்டாவது ஸ்பேஸ், ‘எல்லாக் கோட்டையும்தான்’ என்ற பதில். பிறகு மவுஸால் வேண்டாத வாலைச் சொடுக்கினால் நறுக்கென்று விழும்.

புதுப் பதிப்பில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். எல்லாரும் ‘எல்லாக் கோட்டையும்’ என்றுதானே சொல்கிறார்கள், எதற்குக் கேட்பது? நியாயம்தான். ஒரு தட்டு மிச்சம். ஆனால் கேள்வி இல்லாத இடத்தில் அண்ணனின் இரண்டாவது ஸ்பேஸ் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது: ‘வேலை முடிந்தது, வெளியே போ’. அவர் மவுஸால் சொடுக்கும்போது கோடு வெட்டுப்படவில்லை. நீலமாக மினுக்கிக்கொண்டு அப்படியே நின்றது.

‘‘ஒரு ஸ்பேஸை விட்டுட்டா ஆச்சு. அவ்வளவுதானே அண்ணே?’’ என்றேன்.

‘‘அவ்வளவுதான் தம்பி. அது எனக்கும் தெரியும். கைக்குத் தெரியலையே!’’

ஒரு நாளைக்குப் பல நூறு தடவை வருகிற அசைவு. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, ‘ஒண்ணுதான், ஒண்ணுதான்’ என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொண்டால் அடுத்த அசைவு மறந்துபோகும். நான்கு மணி நேர வேலை ஒரு நாள் இழுத்தது. முதலாளி இரண்டு தடவை வந்து பின்னால் நின்றுவிட்டுப் பேசாமல் போனாராம். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார் அண்ணன். கண் டாக்டரிடம் போய் பவர் மாற்றினார். சர்க்கரை டெஸ்ட் எடுத்தார். வயசாகிவிட்டது என்று அண்ணியிடம் ராத்திரி சொல்லியிருக்கிறார். சாஃப்ட்வேர் மாறியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தும், தான் குறைந்துவிட்டோம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. இந்த இடத்தை நான் இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நமக்கு ஒரு விஷயம் மறந்துபோனால் ‘மறந்துவிட்டது’ என்கிறோம். கைக்கு ஒரு விஷயம் வராமல் போனால் ‘என்னால் முடியவில்லை’ என்கிறோம். வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதலாவது என்னிடம் இருந்த ஒன்று. இரண்டாவது நானே.

ஆங்கிலத்தில் இதற்கு ‘மஸில் மெமரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தசைக்கு ஞாபகசக்தி கிடையாது, எல்லாம் மூளைதான். ஆனால் நாம் ‘ஞாபகம்’ என்று சொல்கிற மூளை அல்ல, வேறு அறை. இதை உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். அவருக்குக் கடுமையான வலிப்பு. 1953ல், அவருக்கு 27 வயதானபோது, மூளையின் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் பகுதியை ஆபரேஷனில் எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. கூடவே புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற சக்தியும் போய்விட்டது. காலையில் பார்த்த டாக்டரை மத்தியானம் தெரியாது.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். காகிதத்தில் ஒரு நட்சத்திரம். கையைப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரத்தின் ஓரத்தில் பென்சிலை ஓட்ட வேண்டும். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கமாக ஓடும், கோபம் வரும். மொலேசன் மூன்று நாள் செய்தார். நாளுக்கு நாள் தேறினார். மூன்றாம் நாள் கோடு பிசிறில்லாமல் வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்கு முன்னால் இப்படி ஒரு வேலை செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! ஆள் மறந்துவிட்டார், கை மறக்கவில்லை. 1962ல் மில்னர் இதை வெளியிட்டார். மொலேசன் 2008ல் இறந்த பிறகுதான் அவருடைய முழுப்பெயரே வெளியே வந்தது. அதுவரை வெறும் இரண்டு இனிஷியல்.

அந்த ஆள் கற்றுக்கொண்டாரா, இல்லையா? கோர்ட்டில் சத்தியம் செய்து ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லலாம், பொய் ஆகாது. ஆனால் கை சாட்சி சொல்லும்.

அம்பத்தூருக்குத் திரும்பலாம். மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை. அதே கம்பெனியில் டிப்ளமோ முடித்துவிட்டுச் சேர்ந்திருந்த ஒரு பையன், அண்ணன் கீபோர்டை ஓங்கித் தட்டுகிற சத்தம் கேட்டு வந்து பார்த்தான். இரண்டு நிமிஷம் கவனித்தான். எங்கேயோ போய் ஏதோ ஒரு நீளமான பெயரை அடித்து, ஒன்று என்று இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டான். ‘‘இப்போ பண்ணுங்கண்ணா.’’

இடது, இடது, ஸ்பேஸ், ஸ்பேஸ். வலது. கோடு நறுக்கென்று விழுந்தது.

பழைய வழி உள்ளேயேதான் இருந்திருக்கிறது. ஒரு எண்தான் வித்தியாசம். அதைத் திறக்கும்போதே, ‘ஐயா, பழைய பழக்கம் வேண்டுமா, புதுசு வேண்டுமா?’ என்று அவர் கண்ணில் படும்படி யாரும் கேட்டிருக்கவில்லை.

அண்ணனிடமிருந்து ஏதாவது திருடு போனதா? சட்டப்படி எதுவும் இல்லை. சாஃப்ட்வேர் அந்தக் கம்பெனிக்காரனுடையது, நாம் உபயோகிக்கக் காசு கட்டுகிறோம், அவன் மாற்றலாம். ஆனால் கால் நூற்றாண்டில் அண்ணனின் கையில் சேர்ந்ததை அவனா செய்தான்? பாதி அவன் செய்த ஏற்பாடு, பாதி அண்ணனின் உழைப்பு. கூட்டுச் சொத்து மாதிரி. ஒரு பங்காளி சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் இருந்த சுவரை நகர்த்திவிட்டான்.

சுவர் என்று நான் சொன்னது அண்ணனின் வார்த்தை. ‘‘போர்டு போய் கம்ப்யூட்டர் வந்தப்ப உங்களுக்கு இப்படி வருத்தம் இல்லையா?’’ என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: ‘‘அது வேற தம்பி. அது வீடு மாத்தினது. பொட்டியைக் கட்டிக்கிட்டு நாமளேதானே போறோம்? இது நம்ம வீட்டுக்குள்ளயே ராத்திரில சுவத்தை நகர்த்தி வச்சது. பாத்ரூம் போக எழுந்தா மண்டை இடிக்குது.’’

உங்கள் வீட்டில் அஞ்சறைப் பெட்டி இருக்கும். அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? எண்ணெய் காய்ந்ததும், அடுப்பைப் பார்த்தபடியே கை கடுகுக் கிண்ணத்துக்குப் போகும், அடுத்த கிண்ணத்தில் உளுத்தம்பருப்பு. இப்போது ஒரு புத்திசாலி வந்து, ‘அம்மா, இந்த வாரம் நீங்கள் அதிகம் எடுத்தது சீரகம்தான். அதனால் சீரகத்தை முன்னால் வைத்து, வெந்தயத்தை உள்ளே ஒளித்துவிட்டேன்’ என்றால் என்ன நடக்கும்? தாளிப்பில் கடுகுக்குப் பதில் சீரகம் வெடிக்கும். அப்புறம் புத்திசாலிக்கு நடக்க வேண்டியது நடக்கும்.

கதை இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000ல் மெனுக்கள் இப்படித்தான் இருந்தன. அடிக்கடி உபயோகிக்காத வரிகளை மறைத்துக்கொள்ளும். உபயோகித்ததை முன்னால் காட்டும். நமக்கு உதவி செய்கிறதாம்! மவுஸைக் கீழே இழுத்தால், நேற்று நான்காவது வரியாக இருந்தது இன்றைக்கு இரண்டாவது. கண் தேட வேண்டியிருந்தது. 2007ல் மெனுவையே தூக்கிவிட்டு ரிப்பன் என்று ஒரு பட்டையைக் கொண்டுவந்தார்கள். 2012ல் விண்டோஸ் 8ல் ஸ்டார்ட் பட்டனையே காணோம். உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்து, அடுத்த வருஷம் திரும்ப வைத்தார்கள்.

அந்த ஸ்டார்ட் பட்டனுக்குப் பின்னால் ஒரு அழகான கணக்கு உண்டு. பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954ல் கண்டுபிடித்தது: கை ஒரு இலக்கைத் தொட எடுக்கும் நேரம், இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிசு என்ற இரண்டையும் பொறுத்தது. பக்கத்தில் இருக்கிற சாம்பார் வாளியில் கரண்டி விடுவது சுலபம், தூரத்தில் இருக்கிற உப்புக் கிண்ணத்தில் விரலை விடுவது கஷ்டம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு விசேஷம்: மவுஸை எவ்வளவு வேகமாக வீசினாலும் அம்புக்குறி ஓரத்தில் போய் நின்றுவிடும், வெளியே விழாது. அதனால் மூலையில் இருக்கிற பட்டன், பார்க்கச் சின்னதாக இருந்தாலும் கைக்கு ரொம்பப் பெரிசு. குறி பார்க்க வேண்டியதில்லை, வீசினால் போதும். 1995 முதல் இடது கீழ் மூலையில் ஸ்டார்ட் பட்டன் உட்கார்ந்திருந்ததால் எத்தனை கோடிக் கைகளுக்கு அந்த வீச்சு படிந்திருக்கும்! 2021ல் விண்டோஸ் 11 அதை நடுவுக்குக் கொண்டுவந்தது. இடது பக்கமே வேண்டும் என்றால் செட்டிங்கில் போய் மாற்றிக்கொள்ளலாம். இதிலும் அதே கதைதான். செட்டிங் இருக்கிறது என்று யார் சொல்வது?

நான் ஒரு பக்கமாகவே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களில் யாராவது முனகலாம். சரி, மறுபக்கம்.

அந்தப் பையனிடம் பேசினேன். அவன் தன் மெஷினில் புது வழியிலேயே வேலை செய்கிறான். ‘‘ஒரு ஸ்பேஸ் கம்மி சார். நாளைக்கு நூத்துக்கணக்குல மிச்சம். அண்ணா ஒரு மாசம் பழகியிருந்தா அவருக்கும் வந்திருக்கும்’’ என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. அண்ணன் தான் வேகமாக இருந்ததாக நினைக்கிறாரே, அது நிஜமா என்பதும் கேள்விதான். ஆப்பிள் கம்பெனியில் இருந்த புரூஸ் டோக்னாஸினி 1989ல் ஒரு விஷயத்தைச் சொல்லி நிறையப் பேரின் சாபத்தை வாங்கிக்கொண்டார். கீபோர்டில் ஷார்ட்கட் தட்டுகிறவர்கள், ‘மவுஸைவிட இதுதான் வேகம்’ என்று அடித்துச் சொல்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் மவுஸ்தான் வேகமாக இருக்கிறது. எந்தச் சாவி என்று யோசிக்கிற நேரம் இவர்கள் கணக்கிலேயே வருவதில்லை, அந்த நேரம் மறந்தே போகிறது என்பது அவருடைய விளக்கம். எல்லா வேலைக்கும், முக்கியமாக அண்ணன் மாதிரி ஊறிப்போன கைகளுக்கும் இது பொருந்தும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும், வேகமாக இருப்பதும் வேகமாக இருப்பதாகத் தோன்றுவதும் ஒன்றல்ல என்கிற வரைக்கும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாளிக்குத் திறமை என்றால் கடிகாரம். அண்ணனுக்கு, கையைப் பற்றி நினைக்காமல் டூலைப் பற்றி நினைக்க முடிவது. இந்த இரண்டையும் நாம் ஒரே வார்த்தையால் சொல்கிறோம்.

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட் இதில் அண்ணன் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம். 1968 டிசம்பர் 9 அன்று, சான்ஃபிரான்சிஸ்கோவில், 90 நிமிஷ நேரம் அவர் மவுஸை உலகத்துக்குக் காட்டினார். எல்லாரும் வலது கையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அவருடைய இடது கையின் கீழ் இன்னொரு பெட்டி இருந்தது. ஐந்து சாவி. ஹார்மோனியத்தில் கட்டைகளைச் சேர்த்து அழுத்துகிற மாதிரி, சாவிகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துகளைக் கொண்டுவர வேண்டும். இடது கை எழுத, வலது கை சுட்ட. பழக நாளாகும், பழகினால் பறக்கலாம். உலகம் மவுஸை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டது. பழக வேண்டுமே! எங்கெல்பார்ட்டுக்கு அது கடைசிவரை ஆதங்கம். சுலபம் மட்டுமே முக்கியம் என்றால் எல்லாரும் மூன்று சக்கர சைக்கிள்தானே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்பார். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்த ஊர்க்காரர்களுக்கு அதைப் புரியவைக்க வேண்டியதில்லை. முட்டி தேய்ந்துதான் இரண்டு சக்கரம் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் அண்ணன் பக்கம் தீர்ப்பெழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். 2023ல் ஒரு சம்பவம் நடந்தது.

ஒரு கஸ்டமர் டிராயிங்கில் திருத்தம் அனுப்பியிருந்தார். ஒரு துளையை 2 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். அண்ணன் திருத்திச் சேமித்துவிட்டார். சாயங்காலம் வேறு ஏதோ பார்ப்பதற்காகப் பழைய டிராயிங்கைத் திறந்தவர், அதை மூடும்போது அதே பெயரில் சேமித்திருக்கிறார். மெஷின் கேட்டிருக்கிறது: ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது. மாற்றிவிடவா?’ கை, ‘எஸ்’ஸைச் சொடுக்கியது. மறுநாள் அந்த டிராயிங் கீழே போனது. வயர்-கட்டில் பிளேட் வெட்டினார்கள். பழைய இடத்தில் துளை. ஸ்டீல், வயர்-கட் கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் நஷ்டம். டெலிவரி தேதியும் போச்சு.

அண்ணனுக்கு அந்தக் கேள்வி வந்ததே ஞாபகம் இல்லை. ‘எஸ்’ சொடுக்கியதும் ஞாபகம் இல்லை. பொய் சொல்கிற ஆள் கிடையாது. கண்ணாடியில் நட்சத்திரம் வரைந்த மொலேசன் மாதிரிதான்.

பையன்தான் அவருக்காக வாதாடினான். ‘‘அந்த பாக்ஸை ஒரு நாளைக்கு அம்பது தடவை காட்டினா எவன் சார் படிப்பான்? கையே அமுக்கிடும்.’’ இதை அவன் படித்துச் சொல்லவில்லை. ஆனால் ஆப்பிளில் மெக்கின்டாஷ் திட்டத்தை 1979ல் ஆரம்பித்துவைத்த ஜெஃப் ராஸ்கின், 2000ல் எழுதிய புத்தகத்தில் இதையேதான் வாதிட்டார். மனுஷனுக்குப் பழக்கம் படியாமல் தடுக்கவே முடியாது. ‘நிச்சயமா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால், ‘ஆமாம்’ என்பதும் அந்த அசைவில் ஒரு பகுதி ஆகிவிடும். அப்புறம் கேள்வி இருந்தும் இல்லாததுதான். எனவே கேட்காதே, தப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி வை. நீங்களும் நானும் செல்போனில் எத்தனை ‘ஐ அக்ரீ’ அமுக்கியிருக்கிறோம், என்னத்துக்கு அக்ரீ ஆனோம் என்று சொல்ல முடியுமா? கட்டைவிரல் சம்மதித்தது.

ஆனால் அண்ணன் பையனை நிறுத்திவிட்டார். முதலாளியிடம் அவரே போய், மாசம் ஐயாயிரம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்குக் கோபமே வந்தது. ‘‘அந்த டிசைன்ல தப்பு இருக்கு அண்ணே. உங்க தப்பு இல்லை. நீங்க மனசறிஞ்சு பண்ணலையே?’’

‘‘மனசறிஞ்சு பண்ணலைதான். அன்னிக்கு ஸ்பேஸ் விஷயத்துல நான் என்ன சொன்னேன்? இது என் கை, இருபத்தஞ்சு வருஷம் நான் பழக்கினது, எவனும் அதுல கைவைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? வேகமா பண்றப்ப என் கை, தப்பு பண்றப்ப மட்டும் கம்பெனிக்காரன் கையா?’’

நான் பேசாமல் இருந்தேன். மனிதன் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் நல்லவன் ஆகிறான், கொத்தனார் கட்டிக் கட்டியே கொத்தனார் ஆகிற மாதிரி, என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருப்பது ஞாபகம் வந்தது. பழக்கம் நம்முடையது என்றால் பழக்கத்தின் பலனும் நம்முடையதுதான் என்று அவரும் அண்ணன் பக்கமே பேசுவார் போலிருக்கிறது. இருந்தாலும் எனக்கு முழுக்க மனசு ஒப்பவில்லை. கையைக் கைதி மாதிரி பழக்கி, அந்தப் பழக்கத்தின் மேலேயே ஒரு பொறியையும் வைத்துவிட்டு, விழுந்தவனிடம் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு ‘எஸ்’ஸுக்குப் பின்னால் பழைய ஃபைலைப் பத்திரமாக எடுத்து வைப்பது அந்த மெஷினுக்குப் பெரிய வேலையா? பாதிக்குப் பாதி என்றாலாவது ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மற்றப் பாதியை யாரிடம் போய்க் கேட்பது?

முதலாளி இரண்டு மாதம் ஐயாயிரம் பிடித்தார். மூன்றாம் மாதம் முழுச் சம்பளம் வந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லையாம்.

போன வருஷம் அண்ணன் ஓய்வு பெற்றார். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பையன். அண்ணனின் சீட்டில் இப்போது அவன்தான். அந்த மெஷினில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்திருக்கிறது. ஒரு ஸ்பேஸ் தட்டிப் பழகிய கை. மவுஸால் சொடுக்கினால் வெட்டுப்படவில்லை, ‘எந்தக் கோட்டை எல்லையாக வைக்க?’ என்று மெஷின் கேட்டுக்கொண்டு நிற்கிறது. என்ன கோளாறு என்று புரியாமல் இரண்டு நாள் முழித்தானாம். அப்புறம்தான் தான் போட்டுக் கொடுத்த பூஜ்யமே அது என்று ஞாபகம் வந்திருக்கிறது!

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ‘‘மாத்திக்கட்டுமாண்ணா?’’

அண்ணன் சிரித்தார். ‘‘என்னை எதுக்குப்பா கேக்கற? உன் சீட்டு, மாத்திக்கோ.’’ கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: ‘‘அப்புறம், பழைய டிராயிங் எல்லாத்தையும் தனி ஃபோல்டர்ல எடுத்து வச்சியா? முதல்ல அதைப் பண்ணு.’’